கழுதையார் காத்திருக்கும் பத்து விநாடி

பிப்ரவரி 9

சின்னவளே,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் பக்கத்தில் அம்மா இருப்பாள், யார் யார் என்று கேட்டு, போனைத் தன் காதில் வைக்கச் சொல்வாள். அதனால்தான் கடிதம். நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் நலம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் தெரிந்துவிடுகிறது.

ஆமாம், பார்க்கிறோம். உன் பொம்மை நிகழ்ச்சியை என் மகள் ஒரு வாரம்கூட விடுவதில்லை. அம்மா நம் இருவரையும் திட்டின வார்த்தைக்கு நீ தொலைக்காட்சியில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்துவிட்டாய். கழுதையாராம்! ஆர் விகுதி வேறு. என் கணவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்று பார்க்கிறார். குடை திருடின கதையில், "நான் திருடல, குடைதான் என்கூட நடந்து வந்துச்சு" என்று அது சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் நுரை என் டீயில் விழுந்தது. குழந்தைகளுக்கு நீதி சொல்கிறேன் என்று மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றுகிற மற்ற நிகழ்ச்சிகளைப் போல உன்னுடையது இல்லை. பாராட்டு இத்தோடு முடிந்தது.

இனி புகார். கதை முடிந்ததும் கழுதை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, குழந்தைகள் பதில் சொல்லட்டும் என்று சும்மா இருக்கிறதே, அந்த இடம். போன வாரம், "பூச்சாடியை உடைச்சது யாரு? இப்பவாவது சொல்லலாமே" என்று கேட்டது. என் மகள் "அணில்!" என்று கத்தினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அம்மா, அது என்னைப் பார்க்கல. உன்னைப் பார்க்குது."

நான் நகர்ந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன்.

"இப்பவும் உன்னைத்தான் பார்க்குது."

குழந்தை ஏதோ உளறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மௌனம் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டுமா? மூன்று சட்டைகளை மடித்து அடுக்கிவிட்டேன், அது இன்னும் பேசவில்லை. அதைக் குறைத்துவிடு. உனக்குத் தெரியாத வேலை இல்லை.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டி, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்த பிறகுதான் எடுத்தேன். போன தடவை நீ படியிறங்கும்போது, "இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்து மக்கிப் போ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கு அடுத்த வரியாக என்ன எழுதியிருப்பாயோ என்று பயம். பார்த்தால் கழுதையாரைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மௌனம் பத்து விநாடிதான். ஒலிக்காரர் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணுவார். பொம்மையை ஆட்டுகிற பெண் மேசைக்கு அடியில் ஒரு சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருப்பாள். பத்தைத் தாண்டினால் அவளே கீழேயிருந்து, "அண்ணே, எனக்குக் கை இருக்கா, போயிடுச்சா?" என்று குரல் கொடுப்பாள். ஆகையால் மூன்று சட்டை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நீ எப்போதுமே எதையும் வேகமாகச் செய்கிறவள். அப்படி இருக்கலாம்.

ஆனால் பார்வையைப் பற்றி உன் மகள் சொன்னது உளறல் இல்லை. கேமராவின் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கிறோம். தரையில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தையின் கண் உயரத்துக்கு அது கணக்கு. கழுதையார் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார். டிசம்பரில் அவரைத் துவைத்துக் காயப்போட்டபோது இரண்டு கண்களும் கழன்றுவிட்டன. தையல்காரர் திரும்பத் தைத்துக் கொடுத்தார், அரை விரல் பிசகி. எங்களில் யாருமே கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கழுதையார் குழந்தைகளின் தலைக்கு மேலே, பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகுதான் கடிதங்கள் வர ஆரம்பித்தன. குழந்தைகளின் கடிதம் எப்போதும் வரும், மெழுகு வண்ணத்தில். இவை பெரியவர்கள் எழுதுபவை. ஒரு பல் மருத்துவர் தன் தம்பியிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு தலைமையாசிரியை, இருபது வருடம் முன்பு தான் பள்ளியை விட்டு நீக்கின பெண் பூட்டை உடைக்கவில்லை, அது அன்றைக்கே தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். யாரும் எனக்கு எழுதவில்லை. எல்லாவற்றிலும் "மதிப்புக்குரிய கழுதையார் அவர்களுக்கு" என்றுதான் இருக்கிறது.

நான் எழுதும்போது பக்கத்துக்கு ஒரு வேடிக்கை பின்னால் நிற்பவர்களுக்காக வைப்பேன். நீதி, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. இப்போது இரண்டும் இடம் மாறிவிட்டன போலிருக்கிறது. குழந்தைகள் சிரித்துவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். விரல்கள் அப்படியேதான், மடங்கினது மடங்கினபடி. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எட்டு வயதில் கேஸ் அடுப்பின் திருகைத் திறந்து விளையாடிவிட்டு ஓடினவள் நான். தீக்குச்சி கிழித்தவள் அவள். முகத்தை மறைக்கத் தூக்கின கைகள் வெந்துபோயின. ஐந்து வருடம் விடுதிப் பள்ளியில் விட்டார்கள், அது ஒரு தண்டனையே இல்லை. இந்த ஊட்டுகிற வேலைதான் என் பரிகாரம். இவ்வளவு காலமும் குழந்தைகளுக்கு, செய்ததை ஒத்துக்கொள் என்று மட்டும் நான் எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

நீ ஏன் அந்த மௌனத்தை எண்ணினாய்?

சின்னவள்


பிப்ரவரி 24

சின்னவளே,

பரிகாரம் என்ற வார்த்தையை எனக்கு எழுதும் கடிதத்தில் இனி எழுதாதே. படிக்கப் பிடிக்கவில்லை.

தையல்காரர், அரை விரல், சரி. நாற்பத்தெட்டு வயதில் ஒரு துணிக்கழுதைக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். சனிக்கிழமை கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். "கதவைத் திறந்து வெச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு அது நிறுத்தியதும் அழுத்தினேன். மறுபடி வாய் திறந்ததும் அழுத்தினேன். நாற்பத்தொரு விநாடி. பக்கத்தில் நின்ற என் கணவரிடம் கேட்டேன்.

"பத்து இருக்கும். ஏன், போட்டியா வெச்சிருக்காங்க?"

கைப்பேசியைக் காட்டினேன். "அழுத்தத் தெரியாம அழுத்தியிருப்பே" என்று போய்விட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த நாற்பத்தொரு விநாடியில் ஒரு சத்தம் வருகிறது. ஸ்ஸ் என்று, மெல்லியதாக, விடாமல். என் மகள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தவள், "அது மூச்சு விடுதும்மா" என்றாள். எனக்கு அது மூச்சாகத் தெரியவில்லை. கூடவே வாசனையும் வந்தது. எங்கள் வீட்டில் மின்சார அடுப்பு. இந்தக் கட்டடத்திலேயே கேஸ் கிடையாது. இருந்தும் போய் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன், இந்தக் குளிரில்.

அடுத்த மாதம் அவளுக்கு எட்டு வயது. காலம் கடந்து பிறந்தவள், கொஞ்சம் செல்லம் அதிகம். சட்டைப் பொத்தானை இன்னும் ஒன்று மாற்றித்தான் போடுகிறாள். தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க என்னிடம் கொண்டு வருகிறாள். எட்டு வயது என்றால் இவ்வளவுதானா? நீயும் இவ்வளவுதான் இருந்தாயா? எனக்கு நீ பெரியவளாக இருந்தது போல ஞாபகம்.

அந்த மௌனத்தை எடுத்துவிடு. குறைக்க வேண்டாம், எடுத்தே விடு.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ எழுதினதைப் படித்துவிட்டு ஒலிக்காரரிடம் அந்தப் பதிவைப் போடச் சொன்னேன். பத்து விநாடி. மூன்று முறை போட்டோம், மூன்று முறையும் பத்து. "யாரு புகார் சொன்னது, உங்க அக்காவா? எங்க அக்காவும் இப்படித்தான், நான் சாப்பிடுற இட்லியைக்கூட எண்ணுவாங்க" என்றார். ஆனால் கடைசி முறை காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டவர், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கருவியை என்னிடம் நீட்டினார். இருந்தது, ஸ்ஸ் என்று. அரங்கத்தில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்கிறோம். வேறு எந்திரம் எதுவும் கிடையாது. அந்தப் பத்து விநாடியை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு நாள் பதிவான வெற்று மௌனத்தை அந்த இடத்தில் ஒட்டினார். அதிலும் இருந்தது.

பொம்மை ஆட்டுகிற பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பத்து விநாடி மட்டும் எனக்குக் கை வலிக்கறதில்ல. யாரோ மேலேருந்து பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

மௌனத்தை எடுக்க முடியாது. தயாரிப்பாளர் விடமாட்டார். "பெரியவங்களும் உட்கார்ந்து பார்க்கிறாங்கம்மா, விளம்பரம் குவியுது, இப்பப்போய் அதை எடுக்கறதா?" என்கிறார். கண்ணைச் சரியாகத் தைத்துவிடலாம் என்றேன். "தொட்டீங்கன்னா தெரியும்" என்று கழுதையாரைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஒரு மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முகம் தெரியாத தலைமையாசிரியை ஒத்துக்கொள்கிறார். வாரம்தோறும் ஒத்துக்கொள்ளச் சொல்லும் நான், வளர்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் நம் வீட்டுக் கதையை எழுதிவிட்டேன். கழுதையார் அடுப்பின் திருகைத் திறந்து விளையாடிவிட்டு ஓடுகிறார். கடைசியில் "என்னாலதான்" என்கிறார். அது முடிந்ததும் நான் திரையில் வந்து, இது என் கதை, எட்டு வயதில் நான் செய்தது என்று சொல்லப் போகிறேன். தயாரிப்பாளர் கண்ணீர் விட்டுவிட்டார். மார்ச் 14 அன்று பதிவு.

பயப்படாதே, உன்னைப் பற்றி ஒரு சொல்கூட வராது. நீ அன்று வீட்டிலேயே இல்லையே. எனக்கு எல்லாம் நேற்று நடந்தது போல இருக்கிறது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். திருகு கெட்டியாக இருந்தது. முதலில் உள்ளே அழுத்தி, பிறகு திருப்ப வேண்டும். இரண்டு முறை சொடக்குப் போடுவது போலச் சத்தம் வந்தது. இதை அப்படியே எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது, அக்கா. எனக்காக நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

சின்னவள்


மார்ச் 8

சின்னவளே,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் அம்மாதான் முதலில் பேசினாள். வைத்துவிட்டேன்.

அந்தக் கதையைப் பதிவு செய்யாதே.

நான் வீட்டில் இருந்தேன். பால் காய்ச்சலாம் என்று அடுப்பைத் திறந்தது நான். தீப்பெட்டியைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போது தெருவிலிருந்து என் சிநேகிதி கூப்பிட்டாள். அவள் புது சைக்கிள் வாங்கியிருந்தாள். போய்விட்டேன். அவ்வளவுதான் விஷயம். ஒரு சைக்கிள். திரும்பி வரும்போது வாசலில் கூட்டம். நான் கிளம்பும்போது நீ முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தாய். கையில் பச்சை வண்ணம். அடுப்படிப் பக்கமே நீ போகவில்லை.

அன்று மருத்துவமனை வராந்தாவில் உன்னைத் தனியாகக் கூட்டிப் போனேன். "நீதான் திருகினேன்னு சொல்லு. நீ சின்னவ, உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. என்னை அப்பா கொன்னுடுவாரு" என்றேன். நீ தலையாட்டினாய். அப்பா கேட்டபோது சொன்னாய். எப்படித் திருகினே என்று அவர் கேட்டார். நீ முழித்தாய். நான் பின்னாலிருந்து கையைத் திருப்பிக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் உனக்குத் தெரியும், அழுத்தித் திருப்ப வேண்டும் என்று. அத்தை வந்தாள், பெரியப்பா வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நீ சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் நீ சொல்வது எனக்கே உண்மை போல இருந்தது.

நீ ஏறினதாக எழுதியிருக்கும் முக்காலி, நீ விடுதிக்குப் போன அடுத்த வருடம் வாங்கினது. நான்தான் கடையிலிருந்து தூக்கி வந்தேன்.

விடுதியிலிருந்து நீ வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வந்த அன்றே அம்மாவுக்கு ஊட்ட உட்கார்ந்துவிட்டாய். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கல்யாணம் என்று வந்ததும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்குச் சரி என்றேன். ஆறு வருடம் முன்பு உன்னை மக்கிப் போ என்று திட்டினதும் இதனால்தான். நீ அங்கேயே இருக்க இருக்க எனக்கு மூச்சு முட்டியது.

இன்று காலை என் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இவளிடம் யாராவது இப்படிச் செய்தால் அவர்களை நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் நீயே சொல். அல்லது நான் வந்து சொல்கிறேன். அவள் என்னை என்ன செய்தாலும் சரி.

அக்கா


மார்ச் 16

அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் முதலில் நான் நினைத்தது, இவள் பொய் சொல்கிறாள் என்றுதான். நான் திரையில் அவமானப்படக் கூடாது என்று நீ கட்டின கதை. ஏனென்றால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடினால் திருகு விரலுக்குள் வந்துவிடும். இரண்டு நாள் அதையே கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், அந்தக் கையை முதல் தடவையாக மணிக்கட்டு வரை பார்த்தேன். அதில் கடிகாரம் கட்டியிருந்தது. கறுப்பு வார். எட்டு வயதில் எனக்கு ஏது கடிகாரம்? அது பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த பரிசு. முப்பத்தைந்து வருடமாக நான் உன் கையை என் கை என்று நினைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்ட தயாரிப்பாளரிடம் உள்ளதைச் சொன்னேன். வெகுநேரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, இதுல நீதி என்னன்னு வெக்கறது?" என்றார். கதைத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று காலை அம்மாவிடம் சொன்னேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உன் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். அவள் அழுவாள், இல்லை உன்னைத் திட்டுவாள், இல்லை என்னைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்து நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். முடித்ததும், "ஜன்னலைச் சாத்து, வெயில் அடிக்குது" என்றாள்.

சாத்திவிட்டு வந்து, "அம்மா, நான் படிச்சது கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுது. தெரிஞ்சதுதானே."

"எது தெரிஞ்சது?"

"நீ இல்லேன்னு. உன் உயரத்துக்கு அந்தத் திருகு எட்டாது. ஆஸ்பத்திரியில நீ வந்து சொன்னப்பவே தெரியும்."

அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பிறகு ஏன் என்னை விடுதிக்கு அனுப்பினாய் என்று கேட்டேன்.

"யாரையாவது அனுப்பணும்னு உங்கப்பா குதிச்சாரு. பெரியவளை அனுப்பிட்டா வீட்டுல யாரு சமைப்பா, யாரு எனக்குத் தலை சீவுவா? உன்னால அப்ப என்ன முடியும்? எட்டு வயசுல நீ ஒரு வேலைக்கும் ஆகமாட்டே."

"சரி, நான் திரும்பி வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே அம்மா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அசட்டுப் பெண் கேட்கிற கேள்வி என்பது போல. "அவ இருக்கமாட்டா, போயிடுவா. அது அப்பவே அவ முகத்துல தெரிஞ்சுது. தெரிஞ்சா நீயும் போயிடுவே. தெரியாததனாலதானே இப்படித் தங்கமாப் பார்த்துக்கிட்டே?" என்றாள். உண்மையாகவே பாராட்டினாள், அக்கா. முகத்தில் அவ்வளவு அன்பு.

உன் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரும் என்றுதான் நினைக்கிறேன், இன்னும் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் பயந்துபோய்ச் சொன்ன ஒரு பொய். அதைச் சொன்ன அன்றிலிருந்து உன்னாலும் ஓரிடத்தில் நிம்மதியாக நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் இருவரையும் பார்த்துக்கொண்டே ஒருத்தி வாயைத் திறந்து ஒவ்வொரு கவளமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவள் முன்னால் மேசையில் வைத்தேன். வழக்கம்போல வாயைத் திறந்தாள். நான் உட்காரவில்லை. பேசாமல் அடுத்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தி எழுதும்வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். பிறகு, திருகு எட்டாது என்று அவள் சொன்னதை உனக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது.

கீழே விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. மறுபடி கேட்டது. இடைவெளி விட்டு, ஒரே சீராக. கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கரண்டியை இடுக்கிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து நடுவுக்குக் கொண்டு வந்தாள். இன்றைக்குக் கற்றுக்கொண்ட வேலை இல்லை அது. ரொம்ப நாள் பழகின கை.

கதவை மறுபடி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று நீ வர வேண்டியதில்லை. வருவதானால் எனக்காக வா. உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, ஆனால் இந்த வீட்டுக்கு வேண்டாம். ரயில் நிலையத்திலேயே இருங்கள், நான் பெட்டியோடு வருகிறேன்.

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிடுகிறாள். "சின்னவளே, எவ்வளவு நேரமா வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஊட்ட வரமாட்டியா?" குரல் தழுதழுக்கிறது. கேட்கிற யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உன் தங்கை